வீட்டு வைஃபையில் பிரிண்டர் வேலை செய்யவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தேர்வு நுழைவுச்சீட்டு, இ-சேவைச் சான்றிதழ், பிள்ளையின் பள்ளிச் செயல்திட்டம் என்று எதையாவது அவசரமாக அச்சிட வேண்டிய நாளில்தான் வீட்டுப் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று முரண்டு பிடிக்கும். சென்னை அடுக்குமாடி வீடுகளில் இந்தக் கோளாறைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து வருகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிண்டரே கெட்டுப்போய் வந்த கோளாறு குறைவு; பிரிண்டரும் கணினியும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருப்பதாலோ, பிரிண்டரின் முகவரி மாறிப்போனதாலோ வருவதே மிகுதி. ஆகவே, டிரைவரை (பிரிண்டரோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பது என்ற, எல்லோரும் முதலில் கை வைக்கிற வேலையை இங்கே பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். மை அடைப்பு, தாள் சிக்கல் போன்றவை இந்தக் கட்டுரைக்குள் வரமாட்டா.

## எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு தாள்

பிரிண்டரிலிருந்தே அதன் நெட்வொர்க் நிலைத் தாளை அச்சிட்டுக்கொள்ளுங்கள். திரை உள்ள பிரிண்டர்களில் செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் என்ற தலைப்பின் கீழ் இந்த வசதி இருக்கும். திரை இல்லாதவற்றில், தகவலைக் குறிக்கும் 'ஐ' பொத்தானையோ வைஃபை பொத்தானையோ அழுத்தினால் அல்லது சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் தாள் வெளிவரும். இது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

தாள் நிறைய விவரங்களோடு வரும். நமக்கு இரண்டு வரிகள் போதும். ஒன்று எஸ்.எஸ்.ஐ.டி., அதாவது பிரிண்டர் சேர்ந்திருக்கும் வைஃபையின் பெயர். மற்றொன்று ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண். உங்கள் கைப்பேசியில் வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் கைப்பேசியின் ஐ.பி. முகவரியும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

இரண்டு முகவரிகளிலும், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களில் முதல் மூன்றும் ஒன்றாக இருந்தால், உதாரணமாகக் கைப்பேசி 192.168.29.14, பிரிண்டர் 192.168.29.37 என்று இருந்தால், இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று பொதுவாகக் கொள்ளலாம். முதல் மூன்று எண்கள் வேறுபட்டால் நேரே அறிகுறி 3-க்குப் போங்கள். பிரிண்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை, பிரிண்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அறிகுறி 2-ஐப் பாருங்கள். 0.0.0.0 என்றோ வெறுமையாகவோ இருந்தால் பிரிண்டர் எந்த வைஃபையிலும் சேரவில்லை. அறிகுறி 1-இலிருந்து தொடங்குங்கள்.

தாளில் வைஃபை டைரக்ட் என்று தனியாக ஒரு பகுதி இருந்தால் அதில் உள்ள முகவரியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது பிரிண்டர் தானே உருவாக்கும் சிறு நெட்வொர்க்கின் முகவரி. ஹெச்.பி. பிரிண்டர்களில் அது 192.168.223.1 என்று இருக்கும். இதை வீட்டு முகவரி என்று நினைத்துக் கணினியில் பதிந்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்த சோதனை: கணினியில் குரோம் போன்ற ஓர் உலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையில் பிரிண்டரின் ஐ.பி. முகவரியை மட்டும் தட்டச்சிட்டு என்டர் அழுத்துங்கள். மை அளவு, நெட்வொர்க் விவரங்கள் முதலியவற்றைக் காட்டும் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் (பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று குறுக்கிட்டாலும் அதைக் கடந்து போகலாம், அது உங்கள் வீட்டுப் பிரிண்டர்தான்) வைஃபை, ரவுட்டர், தொலைவு ஆகிய எல்லாம் குற்றமற்றவை. கோளாறு கணினியின் அச்சு அமைப்புகளில் இருக்கிறது (வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால் மட்டும் விதிவிலக்கு, அறிகுறி 3-ஐப் பாருங்கள்). பக்கம் திறக்கவில்லை என்றால் கணினியில் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டுச் செய்யப்படும் எந்த வேலையும் இருட்டில் துழாவுவதுதான்.

## அறிகுறி 1: புதிதாக அமைக்கும்போது வீட்டு வைஃபையின் பெயரே பிரிண்டரில் வரவில்லை

கைப்பேசியில் பெயர் தெரிகிறது, பிரிண்டரில் தெரியவில்லை என்றால், முதல் சந்தேகம் அலைவரிசை மீது வர வேண்டும். வீட்டு உபயோகப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. ரவுட்டர் இரண்டையும் தனித்தனிப் பெயரில் ஒலிபரப்பினால், '5ஜி' என்று முடியாத பெயரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே பெயரில் இருந்து பிரிண்டர் சேர மறுத்தால், ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்திலோ செயலியிலோ இரண்டு அலைவரிசைகளையும் ஒன்றாக்கிக் காட்டும் 'ஸ்மார்ட் கனெக்ட்' அல்லது 'பேண்ட் ஸ்டீயரிங்' என்ற வசதியை அணைத்து இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடுங்கள். பிரிண்டர் 2.4-இலும் உங்கள் கைப்பேசி 5-இலும் இருந்தாலும் இரண்டும் ஒரே ரவுட்டரில் இருக்கும்வரை அச்சு போகும். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தாக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை.

2.4-இன் பெயரும் தெரியவில்லை என்றால் ரவுட்டரில் சேனல் எண்ணை, அதாவது அலைவரிசைக்குள் அது பயன்படுத்தும் தடத்தின் எண்ணை, பாருங்கள். தானியங்கித் தேர்வில் விட்ட ரவுட்டர் சில நேரம் 12 அல்லது 13-ஐப் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் அவை அனுமதிக்கப்பட்டவைதான். ஆனாலும் வேறு நாட்டுச் சந்தைக்கான அமைப்போடு வந்த பிரிண்டர்கள் 11-க்கு மேல் தேடுவதில்லை. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிலையாக வைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு என்று பத்துப் பதினைந்து வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும் குடியிருப்புகளில் இந்த மாற்றம் மற்றக் கருவிகளுக்கும் நல்லது.

பிரிண்டர் நிறுவனத்தின் செயலி பிரிண்டரையே கண்டுபிடிக்கவில்லை என்றால், அமைக்கும் நிலை காலாவதி ஆகியிருக்கக்கூடும். ஹெச்.பி. பிரிண்டர்கள் முதல்முறை இயக்கியதிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம்தான் அந்த நிலையில் காத்திருக்கும். காலையில் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு மாலையில் அமைக்க உட்கார்ந்தால் செயலி கையை விரித்துவிடும். வைஃபை பொத்தானை அழுத்திப் பிடித்து மறுபடி அமைக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலிக்கு இருப்பிட அனுமதியும் (லொகேஷன் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்), ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அமைத்து முடிக்கும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

## அறிகுறி 2: பெயர் வருகிறது, கடவுச்சொல் கொடுத்தும் சேரவில்லை

கடவுச்சொல்தான் முதல் குற்றவாளி. ஒற்றை வரித் திரையில் அம்புக்குறிப் பொத்தான்களால் ஒவ்வோர் எழுத்தாக உருட்டித் தேர்ந்தெடுக்கும் பிரிண்டர்களில், ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, பூஜ்யம், 'ஓ' எழுத்து ஆகியவை எளிதில் குழம்பும். கைப்பேசியில் சேமித்திருப்பதால் பழைய கடவுச்சொல்லையே எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருப்பது இன்னொன்றாக இருக்கும். ஏற்கெனவே இணைந்த கைப்பேசியில் வைஃபை பகிரும் கட்டக்குறியை (க்யூ.ஆர். கோடு) திறந்தால் நடப்புக் கடவுச்சொல் எழுத்தாகவே தெரியும். அதைப் பார்த்துத் தட்டச்சிடுங்கள்.

ரவுட்டரிலும் பிரிண்டரிலும் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் இருந்தால் கடவுச்சொல்லே வேண்டியதில்லை: பிரிண்டரில் அதை இயக்கி, இரண்டு நிமிடத்துக்குள் ரவுட்டரில் அழுத்துங்கள். ஆனால் இணையச் சேவை நிறுவனங்கள் தரும் ரவுட்டர்கள் சிலவற்றில் இந்த வசதி அணைக்கப்பட்டிருக்கும். பொத்தான் இருக்கிறது என்பதால் அது வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம்.

கடவுச்சொல் சரி என்று உறுதியானபின் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 'டபிள்யூ.பி.ஏ.3 மட்டும்' என்று இருந்தால் சில ஆண்டுகள் பழைய பிரிண்டர்கள் உள்ளே வர முடியாது. 'டபிள்யூ.பி.ஏ.2 / டபிள்யூ.பி.ஏ.3 கலப்பு' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ்.' என்று மாற்றுங்கள். புதிய ரவுட்டர் வாங்கிய மறுநாள் பழைய பிரிண்டர் அடம் பிடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பிரிண்டரைச் சேர்ப்பதற்காகப் பாதுகாப்பையே நீக்கி வைஃபையைத் திறந்துவிடுவது கூடாது.

சேர்ந்துவிட்டது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால், ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்து இயக்கி, அதன் விளக்குகள் நிலைத்தபின் பிரிண்டரை இயக்குங்கள். இந்த வரிசை முக்கியம். அதன்பிறகும் அதே முகவரி வந்தால், ரவுட்டரில் டி.ஹெச்.சி.பி. (கருவிகளுக்குத் தானாக ஐ.பி. முகவரி வழங்கும் வசதி) இயங்குகிறதா, மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பிலேயே பதிந்த அடையாள எண்) வடிகட்டி ஏதும் முன்பு யாராவது போட்டு வைத்தார்களா என்று பாருங்கள்.

## அறிகுறி 3: பிரிண்டரில் வைஃபை விளக்கு நிலையாக எரிகிறது, கணினியோ கைப்பேசியோ அதைக் காணவில்லை

எனக்கு வரும் அழைப்புகளில் மிகவும் குழப்பமானது இதுதான். பிரிண்டர் சேர்ந்திருக்கிறது, எங்கே சேர்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

வீட்டில் இரண்டு வைஃபைப் பெட்டிகள் இருந்தால். புதிய அடுக்குமாடி வீடுகளில் ஃபைபர் கம்பி வாசலுக்கு அருகே உள்ள பெட்டியில் வந்து நிற்கும். இணையச் சேவைக்காரர் அங்கேயே தன் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார். கடைசி அறைக்கு சிக்னல் எட்டாததால் வீட்டுக்காரர் கூடத்தில் வேறொரு ரவுட்டரை வாங்கி வைப்பார். பிரிண்டர் அதற்கு முன்பே வாசல் ரவுட்டரில் சேர்ந்தது. கணினியும் கைப்பேசிகளும் புதியதற்கு மாறிவிட்டன. இப்போது தாளில் பிரிண்டரின் முகவரி 192.168.29.37 என்று இருக்கும், கணினியின் முகவரி 192.168.0.105 என்று இருக்கும். ஜியோ ஃபைபர் பெட்டிகளின் வழக்கமான முகவரி 192.168.29.1 என்பதால், மூன்றாவது எண்ணைப் பார்த்தவுடனேயே பிரிண்டர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளே இருக்கும் ரவுட்டரில் உள்ள கணினியிலிருந்து, வாசல் ரவுட்டரில் உள்ள பிரிண்டரின் பக்கம் உலாவியில் திறந்துவிடும். ஆனால் பிரிண்டர்களைத் தேடும் பட்டியலில் அது வராது. தேடலுக்கான அழைப்பு தன் நெட்வொர்க்கைத் தாண்டிப் போவதில்லை என்பதே காரணம். பிரிண்டர் உள் ரவுட்டரிலும் கணினி வாசல் ரவுட்டரிலும் இருந்தால் பக்கமும் திறக்காது. எனவே 'உலாவியில் வருகிறது, பட்டியலில் வரவில்லை' என்று யாராவது சொன்னால் இரண்டு ரவுட்டர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

எளிய தீர்வு, கணினி எந்த வைஃபையில் இருக்கிறதோ அதிலேயே பிரிண்டரையும் சேர்ப்பது. நிலையான தீர்வு, கூடத்து ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுவது. அப்போது முகவரி வழங்கும் வேலையை வாசல் பெட்டி மட்டுமே பார்க்கும். வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். இரண்டு பெட்டிகளும் தனித்தனி ரவுட்டராகவே இயங்கினால் பிரிண்டர் மட்டுமல்ல, டி.வி.க்குக் காணொளி அனுப்புவதும் இதேபோல் தகராறு செய்யும்.

ஒரே பெட்டிதான், ஆனால் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருந்தால். கெஸ்ட் நெட்வொர்க் இணையத்தை மட்டும் தரும். வீட்டுக் கருவிகளோடு பேச விடாது. பிரிண்டரையோ கணினியையோ முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள். முதன்மை வைஃபையிலும் 'ஏ.பி. ஐசொலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்ற அமைப்பு இயங்கினால் இதே விளைவு வரும். அதை அணைக்க நிர்வாகப் பக்கத்தில் உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால் இணையச் சேவையின் உதவி மையத்தை அழைத்து, அந்த அமைப்பின் பெயரைச் சொல்லியே நீக்கச் சொல்லுங்கள். 'பிரிண்டர் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் பிரிண்டர் நிறுவனத்தைக் கேட்கச் சொல்லி வைத்துவிடுவார்கள்.

அலுவலக மடிக்கணினியாக இருந்தால். பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்களின் மடிக்கணினிகள் பல, வீட்டில் இருக்கும்போது வி.பி.என். (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான தனிப் பாதை) வழியாக இயங்குகின்றன. வி.பி.என். இயங்கும்போது வீட்டு நெட்வொர்க்கை அணுகவிடாமல் பூட்டி வைப்பது பல நிறுவனங்களின் விதி. அதைத் துண்டித்துவிட்டு முயலுங்கள். உடனே பிரிண்டர் தெரிந்தால் நீங்கள் செய்ய வேறு எதுவும் இல்லை. கோப்பை அலுவலக விதிகள் அனுமதிக்கும் வழியில் சொந்தக் கைப்பேசிக்கு எடுத்து அங்கிருந்து அச்சிடுவதோ, அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்பதோதான் வழி. நிறுவன மடிக்கணினியின் ஃபயர்வாலை (நெட்வொர்க் தொடர்புகளை வடிகட்டும் பாதுகாப்பு அரணை) நோண்டிப் பார்க்காதீர்கள்.

சொந்தக் கணினியில் விண்டோஸ் என்றால், வைஃபையின் பண்புகளில் நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வைஃபைக்கு அதை 'பிரைவேட்' ஆக்கினால் மறைந்திருந்த பிரிண்டர் பட்டியலில் வந்துவிடும்.

கைப்பேசி மட்டும் காணவில்லை என்றால், அது உண்மையில் வைஃபையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ரோ பணிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ சாலையைத் தோண்டும்போது ஃபைபர் அறுந்து இணையம் நின்றுபோனால், வைஃபை மட்டும் எரிந்துகொண்டிருக்கும். 'இதில் இணையம் இல்லை' என்று கண்டுகொண்ட கைப்பேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வீட்டுக்குள் அச்சிட இணையமே தேவையில்லை, ரவுட்டர் இயங்கினால் போதும். மொபைல் டேட்டாவை அணைத்து மறுபடி அச்சிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி 4: நேற்று வரை வேலை செய்தது, இன்று 'ஆஃப்லைன்'

முதலில் சுலபமானவை. பிரிண்டர் தானாக அணைந்திருக்கிறதா, உறக்க நிலையில் இருக்கிறதா என்று பார்த்து ஒரு பொத்தானை அழுத்தி எழுப்புங்கள். விண்டோஸில் அச்சு வரிசைச் சாளரத்தைத் திறந்து 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' என்பதில் குறி விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே பிரிண்டர் 'நகல் 1' என்பதுபோல் இரண்டு பெயர்களில் இருந்தால், செயலற்ற பழைய பெயருக்கு அச்சு போய்க்கொண்டிருக்கும். உயிரோடு இருக்கும் பெயரை இயல்புப் பிரிண்டராக்கி, மற்றதை நீக்குங்கள்.

இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் முகவரி மாறியிருக்கிறது. ரவுட்டர் எந்தக் கருவிக்கும் முகவரியை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. ஒரு தவணைக்குக் கொடுக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மதியம் வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் திரும்பியதும் பிரிண்டரும் டி.வி.யும் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் ரவுட்டரிடம் முகவரி கேட்கின்றன. நேற்றுப் பிரிண்டரின் முகவரியில் கடைசி எண்ணாக இருந்த 37 இன்று யாரோ ஒருவர் கைப்பேசிக்குப் போய்விட, பிரிண்டருக்கு 41 கிடைக்கிறது. கணினி இன்னமும் 37-இடம்தான் அச்சிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிரிண்டரை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும், அடுத்த மின்தடை வரை. அதனால்தான் இதே கோளாறுக்கு ஆண்டு முழுவதும் ஆட்களைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன.

ஒருமுறை செய்தால் தீர்கிற வேலை இது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டி.ஹெச்.சி.பி. என்ற தலைப்பின் கீழ் 'ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் பைண்டிங்' என்ற பகுதியைத் திறந்து, பிரிண்டரின் மேக் முகவரியையும் அதற்கு ஒதுக்க விரும்பும் ஐ.பி. முகவரியையும் பதிந்து சேமியுங்கள். மேக் முகவரி நெட்வொர்க் தாளிலேயே இருக்கும். இரண்டிரண்டு குறிகளாக ஆறு தொகுதிகள் வரும். பிரிண்டரில் லேன் கம்பிக்கும் வைஃபைக்கும் தனித்தனி மேக் முகவரிகள் இருப்பதால், வைஃபைக்கு உரியதையே எடுங்கள்.

ரவுட்டரில் இந்த வசதி இல்லாவிட்டால் பிரிண்டரிலேயே நிலையான முகவரியை வைக்கலாம். ஆனால் ரவுட்டர் வழங்கும் எல்லைக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுட்டர் கடைசி எண்ணாக 2 முதல் 200 வரை வழங்குகிறது என்றால் 220 பாதுகாப்பானது. எல்லைக்குள் ஓர் எண்ணை வைத்தால் ஒரு நாள் அதையே வேறு கருவிக்கும் ரவுட்டர் கொடுத்து, இரண்டும் மோதிக்கொள்ளும்.

முகவரி நிலைத்தபின் விண்டோஸ் கணினியில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதியில் உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து, 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' என்ற தாவலுக்குப் போங்கள். அங்கே குறி விழுந்திருக்கும் போர்ட்டின் (கணினி பிரிண்டரை அடையும் வழியின்) பெயர் டபிள்யூ.எஸ்.டி. என்று தொடங்கினால், பெரும்பாலான 'திடீர் ஆஃப்லைன்' புகார்களின் ஊற்று அதுதான். 'ஆட் போர்ட்' அழுத்தி, 'ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்' தேர்ந்து, ஒதுக்கிய ஐ.பி. முகவரியைக் கொடுங்கள். பிறகும் பிரிண்டர் அச்சிடும் நிலையில் இருந்தும் 'ஆஃப்லைன்' என்று காட்டினால், அதே போர்ட்டின் 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்பதன் குறியை எடுத்துவிடுங்கள்.

மின்தடை பேச்சு வந்ததால் ஒன்று. ரவுட்டரை இன்வெர்ட்டரிலோ சிறு யு.பி.எஸ்.இலோ வைப்பது நல்லது. லேசர் பிரிண்டரை அதில் சேர்க்காதீர்கள். உள்ளே மையைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சூடேறும் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும், சிறிய யு.பி.எஸ். அங்கேயே விழுந்துவிடும்.

## அறிகுறி 5: அச்சுக் கட்டளை வரிசையில் மாட்டிக்கொண்டது, நீக்கவும் முடியவில்லை

பிரிண்டரை அணையுங்கள். விண்டோஸில் 'சர்வீசஸ்' சாளரத்தைத் திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்துங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், கோப்புறையை அழிக்காதீர்கள். சேவையை மறுபடி தொடங்கி, பிரிண்டரை இயக்கி, ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். மேக் கணினியில் பிரிண்டர் பட்டியலின் மேல் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் 'ரீசெட் பிரிண்டிங் சிஸ்டம்' வரும். அது எல்லாப் பிரிண்டர்களையும் நீக்கிவிடும் என்பதை அறிந்து செய்யுங்கள்.

ஒரு குறிப்பிட்ட பி.டி.எஃப். மட்டும் மறுபடி மறுபடி மாட்டினால் கோளாறு அந்தக் கோப்பில். அச்சுச் சாளரத்தில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' தேர்ந்து அனுப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

டிரைவரை நீக்கி, நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவும் வேலைக்கு இடம் இங்கேதான்: உலாவியில் பிரிண்டரின் பக்கம் திறக்கிறது, போர்ட் சரியாக இருக்கிறது, வரிசையும் காலி, ஆனாலும் அச்சு வரவில்லை என்ற நிலையில். நிறுவனத்தின் பெயரையே தாங்கிய போலி உதவி எண்கள் தேடலில் வரும். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டுப் பணம் பறிப்பவர்கள் அவர்கள். கையேட்டில் அச்சிட்டிருக்கும் முகவரியிலிருந்தே டிரைவரை எடுங்கள்.

## அறிகுறி 6: பாதிப் பக்கத்தில் நிற்கிறது, அல்லது ஒரு பக்கத்துக்கு நிமிடக்கணக்கில் ஆகிறது

சிக்னல் பலவீனம். கான்கிரீட் தூண்களைவிட இரும்புப் பீரோ மோசமான எதிரி. இடம் இல்லாத வீடுகளில் பிரிண்டரை வைக்கக் கிடைக்கும் ஒரே இடம் பீரோவின் தலையாகவும் இருக்கும். ரவுட்டர் இருக்கும் திசையில் பீரோவின் கதவோ அதில் பதித்த ஆளுயரக் கண்ணாடியோ குறுக்கே நின்றால் அலை அதைத் துளைப்பதில்லை. பிரிண்டரை இரண்டடி நகர்த்தி, ரவுட்டரை நேராகப் பார்க்கும்படி வைத்துச் சோதியுங்கள். பல பிரிண்டர்களின் நெட்வொர்க் தாளில் சிக்னல் பலமும் இருக்கும்: டி.பி.எம். அளவில் மைனஸ் 50-க்கு அருகே என்றால் நன்று, மைனஸ் 75-க்கும் கீழே போனால் தொல்லை நிச்சயம். நகர்த்த வழியில்லாமல், பிரிண்டரில் லேன் துளை இருந்தால், ரவுட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்துவிடுவது எந்த ரிப்பீட்டரையும்விட மலிவான, நம்பகமான வழி.

## அறிகுறி 7: அச்சு வருகிறது, ஸ்கேன் மட்டும் வரவில்லை

ஸ்கேன் வேறு வழியில் பயணிப்பதால் ஃபயர்வால் அதை மட்டும் தடுப்பது உண்டு. தனியாக வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதன் ஃபயர்வாலைச் சில நிமிடங்கள் அணைத்துச் சோதித்து, அதுதான் காரணம் என்றால் ஸ்கேன் செயலியை விதிவிலக்கில் சேர்த்துவிட்டு மறுபடி இயக்குங்கள். அவசரமென்றால் பிரிண்டர் நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் ஸ்கேன் எடுத்துக் கணினிக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

## அறிகுறி 8: எந்த வைஃபைப் பெயரும் தெரியவில்லை, வைஃபை விளக்கே எரியவில்லை

உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் அல்ல, அக்கம்பக்கத்துப் பெயர்களில் ஒன்றுகூட வராவிட்டால் பிரிண்டரின் நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமையுங்கள். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயக்கிப் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே வைத்துத் தேடச் சொல்லுங்கள். அதையும் காணவில்லை என்றால் வைஃபைப் பலகையோ அதன் ஆன்டெனாக் கம்பியோ பழுது. இடியோடு கூடிய மழைக்கு மறுநாள் இந்தப் புகார் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். உத்தரவாதக் காலம் இருந்தால் நிறுவனத்தின் சேவை மையம். பில்லைத் தேடி எடுத்து வையுங்கள், திருகாணிகளில் கை வைக்காதீர்கள். உத்தரவாதம் முடிந்திருந்தால், மலிவான இங்க்ஜெட் மாடல்களில் வைஃபைப் பகுதி தாய்ப்பலகையோடு சேர்ந்தே வருவதால் பழுதுபார்க்கும் செலவு புதிய பிரிண்டரின் விலையை நெருங்கிவிடும். மதிப்பீட்டைக் கேட்டபின் முடிவெடுங்கள். பெரிய லேசர் மாடல் என்றால் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகும்; சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் பழைய பலகைகளைத் தேடித் தரும் கடைகள் உண்டு. அதுவும் வேண்டாம் என்றால் அதே தெருவில் ஒரு யூ.எஸ்.பி. பிரிண்டர் கம்பி வாங்கிக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். வைஃபை செத்த பிரிண்டர் கம்பியில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ரவுட்டரில் யூ.எஸ்.பி. துளையும் பிரிண்டரைப் பகிரும் வசதியும் இருந்தால் அங்கே செருகி, கணினிகள் அனைத்துக்கும் பொதுவாக்கலாம். ஆனால் அந்த வழியில் ஸ்கேன் பெரும்பாலும் கிடைக்காது.

தொழில்நுட்பர் வரும்போது நெட்வொர்க் தாள், ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், எந்த நாளிலிருந்து கோளாறு, அதற்கு முன் என்ன மாறியது (புதிய ரவுட்டர், இணையச் சேவை மாற்றம், விண்டோஸ் புதுப்பிப்பு) ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பிரிண்டரைக் கடையில் விட்டுவர நேர்ந்தால், அதற்குள் உங்கள் வைஃபைக் கடவுச்சொல் பதிந்திருக்கிறது என்பதை மறவாமல், நெட்வொர்க் அமைப்புகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். பிரிண்டர் இயங்கவே இல்லாததால் அழிக்க முடியவில்லை என்றால் ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.